பதினாறு வயதுப் பெண்ணின் தாய்

ஜூனிப்பர் ஃப்ளாட், ஓரிகன்
மே 17, 2006

ரோண்டா,

இங்கே மூணு பேரும் உயிரோட இருக்கோம். நீயும் இருக்கேன்னு உன் கார்டைப் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டேன். உடம்பு எப்படி இருக்குன்னு கேக்கணும், கேட்டாச்சு.

அன்னையர் தினத்துக்குப் பொண்ணுதான் அம்மாவுக்குக் கார்டு போடும். பொண்ணுக்குக் கார்டு போட்ட அம்மா எனக்குத் தெரிஞ்சு நீ ஒருத்திதான். அதுவும் நாள் முடிஞ்சப்புறம். தபால் தாமதம்னு மட்டும் உன் அக்காகிட்ட சொல்லிடாதே, இந்த ஊருக்குத் தபால் போடறவளே நான். முத்திரையைப் பார்த்தேன், திங்கக்கிழமைதான் பெட்டியில போட்டிருக்கே. ஷெல்பி படிச்சுட்டு ஃப்ரிட்ஜ் மேல வச்சா. ஒண்ணும் சொல்லலை. "ரெண்டே வாரம், வந்துடறேன்"னு நாலு வயசுல நீ என் வீட்டுல விட்டுட்டுப் போன குழந்தைக்கு இப்ப பதினாறு. ஒண்ணும் சொல்லாம இருக்க நல்லாப் பழகிட்டா.

போன் பண்ணாதேன்னு நான் சொன்னது சொன்னதுதான். போன்ல நீ அழுவே, நான் கத்துவேன், வச்சப்புறம் ரெண்டு நாளைக்கு வெண்டல்மேல எரிஞ்சு விழுவேன். பாவம், என் புருஷன் என்ன பண்ணினார்? எழுது. அழுகை தாள்ல கேக்காது.

சொல்ல வந்ததைச் சொல்லிடறேன். வேற யாராவது சொல்லி நீ குதிக்கறதுக்கு முன்னாடி நானே சொல்றது நல்லது. ஞாயித்துக்கிழமை சர்ச் வாசல்ல அட்டையும் பேனாவுமா நின்னு கையெழுத்து வாங்கிட்டு இருக்கேன். நவம்பர் தேர்தல்ல ஜனங்க ஓட்டுக்கு விடப்போற சட்டம், கையெழுத்து போதுமான அளவு சேர்ந்தாத்தான் சீட்டுல வரும். பதினஞ்சுலேருந்து பதினேழு வயசு வரைக்கும் உள்ள ஒரு பொண்ணு கருவைக் கலைக்கப் போனா, ரெண்டு நாள் முன்னாடியே டாக்டர் பெத்தவங்களுக்குப் பதிவுத் தபால்ல தெரிவிக்கணும். அவ்வளவுதான். பள்ளிக்கூடத்துல ஷெல்பிக்குத் தலைவலி மாத்திரை கொடுக்க என் கையெழுத்து வேணுமாம், இதுக்கு வேண்டாமாம். இதுல என்ன நியாயம்னு நீயே சொல்லு.

சொல்ல மாட்டே. தெரியும்.

வெர்னா


போர்ட்லாண்ட்
ஜூன் 5

வெர்னா,

நான் குடிக்கலை. உடம்பு எப்படின்னு நீ கேட்டா அதுக்கு அர்த்தம் அது ஒண்ணுதான்னு எனக்குத் தெரியாதா? அஞ்சு வருஷம் முடிஞ்சுது. பஸ்ஸை ஒழுங்கா ஓட்டறேன், வாடகையை ஒழுங்காக் கொடுக்கறேன். வெண்டலைக் கேட்டேன்னு சொல்லு. முட்டிவலி தேவலையா? உன் முட்டி நல்லாத்தான் இருக்கும், சர்ச் வாசல்ல நிக்கற தெம்பு இருக்கே.

கார்டைப் பத்திக் குத்திக் காட்டினது போதும். போடலைன்னாலும் திட்டுவே, போட்டாலும் திட்டுவே. முத்திரைத் தேதியைப் பார்க்கற அளவுக்கு நேரம் இருக்கு உனக்கு.

உன் சட்டத்துக்கு வரேன். நம்ம அப்பா பேருக்கு அப்படி ஒரு கடுதாசி வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? பெல்ட்டை எந்த ஆணியில மாட்டி வச்சிருந்தார்னு உனக்கு மறந்துபோச்சா? எனக்கு மறக்கலை. உன் பக்கத்துல அந்த மாதிரி எத்தனை வீடு இருக்குன்னு உன்னைவிட யாருக்குத் தெரியும்? அந்தக் கடுதாசியை நீதானே கொண்டுபோய் நீட்டப்போறே. "இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க"ன்னு வாங்கிட்டு, தபால் பெட்டிக்குக் கை எட்டறதுக்காக ஊர் வழக்கத்துக்கு மாறா வலதுபக்கம் ஸ்டீயரிங் வச்ச அந்த ஜீப்பை உருட்டிக்கிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிடுவே. கதவுக்குப் பின்னால என்ன நடக்குதுன்னு பார்க்க உனக்குச் சம்பளம் இல்லை.

என் பஸ்ல ஏறுறாங்க அந்த மாதிரிப் பொண்ணுங்க. தனியா ஏறும். சில்லறையை எண்ணிப் போடும். கடைசி சீட்டுல உக்காந்து ஜன்னலைப் பார்த்துக்கிட்டே வரும். எங்க இறங்கும்னு எனக்கு முன்னாடியே தெரியும். அதுங்களுக்கு ஒரு நல்ல அம்மா வீட்டுல இருந்தா அதுங்க தனியா ஏன் வருதுங்க? உன் கடுதாசியால அம்மா நல்லவளா மாறிடுவாளா?

மாத்திரைக்கு "என் கையெழுத்து"ன்னு எழுதியிருக்கே. சரி, விடு. அதைப் பத்தி இப்ப வேண்டாம்.

ரோண்டா


ஜூனிப்பர் ஃப்ளாட்
ஜூலை 10

ரோண்டா,

வெயில் கொளுத்துது. கோதுமை அறுவடை ஆரம்பிச்சாச்சு, வெண்டல் இருட்டினப்புறம்தான் வீட்டுக்கு வரார், முட்டியைத் தேய்ச்சுக்கிட்டே. எனக்கு ஒரு கேடும் இல்லை. நீ குடிக்காம இருக்கறதுக்கு சந்தோஷம், நிஜமாத்தான் சொல்றேன்.

கையெழுத்தெல்லாம் கொடுத்தாச்சு. தேர்தல் சீட்டுல கண்டிப்பா வரும்னு சொல்றாங்க. தபால் ஆபீஸ்ல ஓரின் மட்டும் ஒரு தடவை முறைச்சார். "வெர்னா, வேலை நேரத்துல அந்த அட்டையைத் தொட்டே, ரெண்டு பேர் சீட்டும் கிழிஞ்சுடும்"னார். போஸ்ட்மாஸ்டர் ஆச்சே, சர்க்கார் வேலையில அரசியல் கூடாதுன்னு பயம். நான் தொடலை. அட்டை வீட்டுல சமையலறையில ஆணியில தொங்குது, வரவங்க போறவங்க அங்கேயே போட்டாங்க.

அப்பாவை இழுக்காதே. அவருக்குத் தெரிஞ்சா அடிப்பார், ஒத்துக்கறேன். அவருக்குத் தெரியாம நீ பண்ணினதெல்லாம் உன்னை எங்க கொண்டுபோய் விட்டுச்சு? அதையும் கொஞ்சம் எழுதேன். எல்லா வீடும் அந்த வீடு ஆயிடுமா? என் வீட்டுல பெல்ட்டுக்கு ஆணி கிடையாது. இங்க ஒரு பொண்ணுக்கு ஒண்ணுன்னா முதல்ல எனக்குத்தான் தெரியும். ஷெல்பி என்கிட்ட எதையும் மறைச்சதில்லை. பரிட்சையில காப்பி அடிச்சதைக்கூட அன்னிக்கு ராத்திரியே வந்து அழுதுக்கிட்டே சொன்னவ அவ.

அவளுக்கு இந்த வெயில் ஒத்துக்கலை. ஆகஸ்ட் சந்தைப் போட்டியில காட்ட ஒரு செம்மறிக்குட்டி வளர்க்கறா இல்லையா, காலையில அதுக்குத் தீனி வைக்கப் போனவ கொட்டகைக்குப் பின்னாலயே வாந்தி எடுத்துட்டா. நாலஞ்சு நாளா இப்படித்தான். நான் தலைமுடியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன், உப்பு பிஸ்கட் கொடுத்தேன், நிழல்ல உக்கார வச்சேன். தொப்பி போட்டுக்கோன்னா கேட்டாத்தானே. உன் பிடிவாதம் அப்படியே இருக்கு.

வெர்னா


போர்ட்லாண்ட்
ஜூலை 25

வெர்னா,

எல்லாரும் நலம்தானே. நானும் அப்படித்தான்.

பள்ளிக்கூடம் திறக்கறதுக்கு முன்னாடி ஷெல்பியை ஒரு பத்து நாள் என்கிட்ட அனுப்பி வை. ஆகஸ்ட் ஆரம்பத்துல. எனக்கு லீவு கிடைச்சிருக்கு. அவளுக்கும் ஒரு மாறுதலா இருக்கும். பஸ் டிக்கெட் நானே அனுப்பறேன்.

சண்டை போட எழுதலை. தயவுசெய்து அனுப்பு.

ரோண்டா


ஜூனிப்பர் ஃப்ளாட்
ஜூலை 29

ரோண்டா,

எங்க நலத்துக்கு என்ன குறை, உன் கடுதாசி வர்றவரைக்கும் நல்லாத்தான் இருந்தோம்.

எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கேக்கறே? பன்னெண்டு வருஷத்துல இப்பத்தான் உனக்கு லீவு கிடைச்சுதா? அம்மை போட்டப்ப எங்க போச்சு உன் லீவு? கை உடைஞ்சப்ப எங்க போச்சு? முதல் வகுப்புல "எங்க அம்மா போர்ட்லாண்ட்ல இருக்காங்க, அடுத்த வாரம் வருவாங்க"ன்னு டீச்சர்கிட்ட வருஷம் முழுக்கச் சொல்லிக்கிட்டு இருந்தாளே, அந்த அடுத்த வாரம் எங்கடி போச்சு?

அவ என்னை "வெர்னா"ன்னு பேர் சொல்லிக் கூப்பிடப் பழக்கினவளே நான்தான், ஞாபகம் வச்சுக்கோ. "அம்மாங்கற வார்த்தை உன் அம்மாவோடது, அவ வந்து கேப்பா, பத்திரமா வச்சிரு"ன்னு அந்தக் குழந்தைக்குச் சொல்லிக் கொடுத்தேன். எவ்வளவு நாள்தான் பத்திரமா வைக்கறது?

சந்தை அந்த வாரம்தான். மார்ச்லேருந்து பாட்டில்ல பால் கொடுத்து வளர்த்த குட்டி அது. அதை விட்டுட்டு உன் ஊர்ல வந்து என்ன பண்ணுவா, பஸ்ல சும்மா சுத்தி வருவாளா?

அதிசயம் என்னன்னா, கேட்டா போறேங்கறா. குட்டியைப் பக்கத்து வீட்டுப் பொண்ணு காட்டட்டும்கறா. என்ன சொக்குப்பொடி போட்டே? போன் பண்ணினியா அவளுக்கு, எனக்குத் தெரியாம?

அனுப்ப மாட்டேன்.

வெர்னா


போர்ட்லாண்ட்
ஆகஸ்ட் 1

வெர்னா,

நலம் விசாரிக்கற மனநிலையில நான் இல்லை.

கெஞ்சிப் பார்த்தேன், நீ கேக்கலை. இப்ப வேற மாதிரி சொல்றேன். ஷெல்பியை நான் பெத்தேன். அவளை என்கிட்ட அனுப்ப மாட்டேன்னு சொல்ல உன்கிட்ட என்ன இருக்கு? ஒரு பேப்பர் இருக்கா? கோர்ட்டுக்குப் போனியா? ஜட்ஜு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாரா? பள்ளிக்கூடத்துல, பல் டாக்டர்கிட்ட, செம்மறிக்குட்டி சங்கத்துல, எல்லா இடத்துலயும் "பெற்றோர்"னு போட்ட கோட்டு மேல நீ பாட்டுக்குக் கையெழுத்துப் போட்டுக்கிட்டு வரே. ஊர் சின்னது, யாரும் கேக்கலை. நானும் கேக்கலை. ஒரு ஷெரீஃப்கிட்ட போய் "என் பொண்ணை என் அக்கா அனுப்ப மாட்டேங்கறா"ன்னு சொன்னா அவர் யார் பக்கம் வருவார்னு யோசிச்சுப் பாரு.

சனிக்கிழமை பஸ்ல ஏத்தி விடு. நான் ஸ்டாண்டுல நிப்பேன்.

ரோண்டா


ஜூனிப்பர் ஃப்ளாட்
ஆகஸ்ட் 28

ரோண்டா,

பொண்ணு வந்து சேர்ந்தா. அதுக்கு ஒரு வரி எழுதக்கூட உனக்குத் தோணலை, அதனால நானே எழுதறேன்.

என்ன பண்ணினே அவளை? இளைச்சுப்போயிருக்கா. வந்த முதல் ரெண்டு நாள் தூங்கிக்கிட்டே இருந்தா. வாந்தி நின்னுடுச்சு, அது ஒரு நிம்மதி, ஆத்துப் பக்கத்துக் காத்து ஒத்துக்கிச்சோ என்னவோ. ஆனா வாயைத் தைச்சு அனுப்பின மாதிரி இருக்கா. "அங்க என்ன பண்ணினீங்க?"ன்னேன். "சும்மா இருந்தோம். பான்கேக் சாப்பிட்டோம்"னா. பத்து நாளா பான்கேக்கா சாப்பிட்டீங்க?

ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கிட்டே, "அந்த அட்டையை ஆணியிலேருந்து எடுத்துடேன் வெர்னா"ன்னா. கையெழுத்து வாங்கற வேலைதான் முடிஞ்சுபோச்சே, எடுத்துட்டேன். போகும்போது என் தோள்ல தலையை வச்சுட்டுப் போனா. நீ அவளை என்கிட்டேருந்து பிரிக்கப் பார்க்கறியோன்னு நான் பயந்துக்கிட்டு இருந்தேன். சொல்லிடறேன், ஷெரீஃப் பேரைப் படிச்சதுமே அவ பெட்டியை நானே கட்டி வச்சுட்டேன். உனக்கு அது சந்தோஷமா இருக்கும், வச்சுக்கோ.

நம்ம சட்டத்துக்கு 43ன்னு நம்பர் கொடுத்தாச்சு. வீட்டுக்கு வீடு அனுப்பற வாக்காளர் கையேட்டுல ஆதரவா நானும் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கேன். சர்ச்சுல எல்லாரும் சேர்ந்து கேட்டாங்க, நான்தான் எழுதணும்னு. நல்லா வந்திருக்குன்னாங்க.

வெர்னா


போர்ட்லாண்ட்
அக்டோபர் 18

வெர்னா,

நலமா இருக்கியா? அச்சுல வந்துட்டே, நலத்துக்கு என்ன.

டிரைவர்கள் ரூம்ல மேஜைமேல கையேடு கிடந்துச்சு. காப்பியை வச்சுக்கிட்டுப் புரட்டினேன். எதிர்ப்பு எழுதினவங்களைப் படிக்கலாம்னுதான். அதுக்கு முந்தின பக்கத்துல உன் பேர். "என் மகளின் பல்லைப் பிடுங்கக்கூட என் அனுமதி வேண்டும். அவள் வாழ்வின் மிகக் கடினமான நாளில் அவள் கையைப் பிடித்துக்கொள்ளும் உரிமையைத்தான் கேட்கிறேன்." கீழ, "வெர்னா பிக்ஸ்லி, பதினாறு வயதுப் பெண்ணின் தாய், ஜூனிப்பர் ஃப்ளாட்."

தாய்!

அந்த வார்த்தையை எனக்காகப் பத்திரமா வச்சிருக்கேன்னு ஜூலைல பீத்திக்கிட்டியே. இதானா நீ பத்திரமா வச்ச லட்சணம்? ஓட்டு இருக்கற அத்தனை வீட்டுக்கும் அச்சடிச்சு அனுப்பிட்டே. என் பக்கத்துல இருந்தவன், "இந்தம்மா நல்லா எழுதியிருக்கா, இல்ல?"ங்கறான். நான் என்னத்தைச் சொல்ல, அது என் பொண்ணுன்னா?

உன் சட்டத்தை நீ ஒழுங்காப் படிச்சியா? "பெத்தவங்க"ன்னு இருக்கு. இல்லாட்டி கோர்ட்டு வச்ச கார்டியன். வளத்தவங்கன்னு ஒரு மூலையிலயும் கிடையாது. உன் சட்டம் ஜெயிச்சு, ஷெல்பிக்காக ஒரு பதிவுத் தபால் வந்தா, முந்நூறு மைல் தள்ளி என் பேருக்கு வரும். உன் ஜீப்புலகூட ஏறாது. சர்ச் வாசல்ல நின்னு நீ கையெழுத்து வாங்கினது எனக்காக, வெர்னா. எனக்காகத்தான் அத்தனை ஞாயித்துக்கிழமையும் வெயில்ல நின்னே.

இன்னொண்ணும் சொல்றேன். உன்கிட்ட சொல்ல மாட்டேன்னு அவளுக்கு சத்தியம் பண்ணினேன், அதை நீதான் உடைக்க வைக்கறே. அந்தத் தகவல் வந்தாச்சு. எந்தத் தபாலும் இல்லாம, அவ வாயாலயே ஜூலைல போன் பண்ணி என்கிட்ட சொன்னா. வெயில்னு நினைச்சியே, அது வெயில் இல்லை. பான்கேக் சாப்பிட்டது நிஜம்தான், ஆஸ்பத்திரியிலேருந்து வெளியே வந்தப்புறம் சாப்பிட்டோம். கூட நான்தான் போனேன். நீ அச்சடிச்சுக் கேக்கற அந்தக் கையை நான்தான் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். உன் சட்டம் கேக்கறதெல்லாம் சட்டம் இல்லாமலே நடந்துடுச்சு. பெத்தவளுக்குத் தெரிஞ்சுது.

இப்ப போய் இன்னொரு பக்கம் எழுது.

ரோண்டா


ஜூனிப்பர் ஃப்ளாட்
நவம்பர் 2

ரோண்டா,

நான் நல்லா இல்லை. நீ எப்படி இருக்கேன்னு கேக்கப் போறதும் இல்லை.

உன் கடுதாசியை வீட்டுக்குக் கொண்டு போற பொறுமை இல்லாம வழியிலயே ஜீப்பை ஓரம் கட்டிப் பிரிச்சேன். அன்னிக்கு மிச்சத் தபாலை எப்படிப் போட்டேன்னு எனக்கே தெரியாது. ரெண்டு வீட்டுத் தபாலை மாத்திப் போட்டுட்டேன்னு மறுநாள் ஓரின் சொன்னார். "உடம்பு சரியில்லையா வெர்னா?"ன்னார். ஆமான்னேன். பதில் எழுத ரெண்டு தடவை உக்காந்தேன், ரெண்டையும் கிழிச்சுட்டேன். அதுல எழுதினதை நீ படிச்சா இனி எந்த ஜென்மத்துலயும் எனக்கு எழுத மாட்டே.

முடியைப் பிடிச்சுக்கிட்டவ நான்டி. அந்த உப்பு பிஸ்கட் கொடுத்தவ நான். அவ பக்கத்துலேயே நின்னேன். அந்த அட்டை அவ சாப்பிடற மேஜைக்கு நேரா தொங்கிக்கிட்டு இருந்துச்சு, நான்தான் அதைத் தினம் ஒரு தடவை நேரா மாட்டுவேன். எனக்குத் தெரியலை. உனக்குத் தெரிஞ்சுது. பெத்து எறிஞ்சுட்டுப் போன உனக்குத் தெரிஞ்சுது.

பேப்பர் ஏன் இல்லைன்னு கேட்டியே. ஷெல்பிக்கு அஞ்சு வயசாகறப்பவே வக்கீலைப் பார்த்தேன். சுலபம்தான், "தாய் குழந்தையைக் கைவிட்டுவிட்டார்"னு எழுதிக் கையெழுத்துப் போடுங்கன்னார். பேனாவைக் கையில எடுத்தேன். உன் பேருக்குப் பக்கத்துல அந்த வார்த்தையை என்னால எழுத முடியலை. நீ திரும்பி வரப்ப அந்தப் பேப்பர் உன் மூஞ்சியில அடிக்குமேன்னு நினைச்சேன். எழுந்து வந்துட்டேன். அந்த முட்டாள்தனத்துக்குத்தான் நீ ஷெரீஃப்பைக் காட்டி மிரட்டினே.

ஓட்டுச் சீட்டை நிரப்பி அனுப்பியாச்சு. "ஆமாம்"னுதான் போட்டிருக்கேன். நீ எழுதினதைப் படிச்சு மாறிட்டேன்னு நினைச்சுக்காதே. முன்னாடி இது நியாயம்னு போட்டிருப்பேன், இப்ப வலி தாங்காம போட்டேன்.

ஷெல்பிகிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. நீ என்கிட்ட சொல்லிட்டேன்னு அவளுக்குத் தெரியாது, தெரியவும் விட மாட்டேன். நீ சத்தியத்தைக் காப்பாத்தினேன்னே அவ நினைச்சுக்கட்டும். மனசுல உள்ளதைக் கொட்ட அவளுக்கு ஒருத்தியாவது வேணும். அது நான் இல்லைன்னு ஆயிடுச்சு. நீயாவது இரு. மறுபடி கோவம் வந்தா சுவத்துல முட்டிக்கோ, அதையும் கெடுத்துடாதே. உன் கடுதாசி அவ கண்ணுல படக்கூடாதுன்னு அடுப்புல போட்டுட்டேன்.

தினம் ராத்திரி சாப்பாட்டு மேஜையில அவ முகத்தைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கேன், இப்பவாவது சொல்வாளான்னு. "உப்பை இப்படித் தள்ளு வெர்னா"ங்கறா.

வெர்னா


போர்ட்லாண்ட்
நவம்பர் 13

வெர்னா,

சாப்பிடறியா, தூங்கறியா? குத்தலுக்குக் கேக்கலை.

43 தோத்துடுச்சு. உங்க பக்கமெல்லாம் ஜெயிச்சுதாம், இங்க நாங்க கவுத்துட்டோம். டிரைவர்கள் ரூம்ல யாரோ டோனட் வாங்கி வச்சிருந்தாங்க. நான் எடுத்துக்கலை. நான் ஆசைப்பட்டதுதான் நடந்துச்சு, ஆனா பெட்டியைத் தாண்டிப் போய் பஸ்ஸை எடுத்துட்டேன்.

அக்டோபர்ல எழுதினதுல ஒண்ணை முழுங்கிட்டேன். அவ என்கிட்ட சொன்னதை ஏதோ எனக்குக் கிடைச்ச பதக்கம் மாதிரி எழுதினேன். ஏன் என்கிட்ட சொன்னான்னு நீ கேக்கலை. நான் அவகிட்ட கேட்டேன். அன்னிக்கு, அந்தப் பான்கேக் கடையில. "என்மேல அவ்வளவு நம்பிக்கையா உனக்கு?"ன்னு, கண்ணுல தண்ணி வச்சுக்கிட்டு அசடு மாதிரி கேட்டேன். ஷெல்பி சிரப்பை ஊத்திக்கிட்டே சொன்னா, "நீ ஏற்கெனவே என்னை விட்டுட்டுப் போனவதானே. உன்கிட்ட சொன்னா இனிமே போறதுக்கு என்ன இருக்கு? வெர்னா போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

அவ்வளவுதான். கோவமாக்கூடச் சொல்லலை. பான்கேக் ஆறிடப்போகுது, சாப்பிடுன்னா.

அதை உனக்கு எழுதாம, கையைப் பிடிச்சேன்னு மட்டும் எழுதினேன். அவ்வளவு மட்டமானவ நான்.

உன்னை ஷெல்பிக்குக் கார்டியனா ஆக்கற கோர்ட்டுப் பேப்பர் வாங்கினேன். பக்கத்துத் தெரு லைப்ரரியில ஒரு அம்மா உதவி பண்ணினாங்க. தனியா பதிவுத் தபால்ல அனுப்பறேன், உன் கையிலயே சேரணும்னு. காரணம் எழுத நாலு வரி இடம் விட்டிருக்கான். உனக்குத்தான் கை வரலையே, நானே எழுதிட்டேன். "குழந்தையைக் கைவிட்டேன். என் அக்கா வளர்த்தாள்." நாலு வரி தேவைப்படலை.

இதை அன்புன்னு நினைச்சுக்காதே. கையேட்டுல பொய் அச்சாகியிருக்கு, அதை உண்மையாக்கி விடறேன், அவ்வளவுதான். "தாய்"னு போட்டதுக்கு உன்மேல எனக்கு இன்னும் கோவம்தான்.

ரோண்டா


ஜூனிப்பர் ஃப்ளாட்
நவம்பர் 26

ரோண்டா,

பனி விழ ஆரம்பிச்சாச்சு. வெண்டலுக்கு முட்டி வீங்கியிருக்கு, எனக்கு ஜலதோஷம். நன்றி சொல்ற நாளுக்கு வான்கோழி கொஞ்சம் காஞ்சுபோச்சு, யாரும் குறை சொல்லலை.

உன் பதிவுத் தபால் வந்துது. தபால் வாங்கினதுக்குக் கையெழுத்துப் போடற பச்சை அட்டையை ஓரின் என் முன்னால நீட்டினார். "உன்கிட்ட கொண்டுவந்து கொடுக்கறதுக்கும் உனக்குத்தான் சம்பளமா?"ன்னு சிரிச்சார். எத்தனையோ பேர்கிட்ட கையெழுத்து வாங்கியிருக்கேன், என் பேருக்குன்னு ஒண்ணு வந்து நான் போட்டது இதுதான் முதல் தடவை. எங்க போடணும்னு ஒரு நிமிஷம் தேடினேன்.

பேப்பரைச் சமையலறை மேஜையில வச்சிருந்தேன். ஒளிச்சு வைக்கலை. ஷெல்பி பள்ளிக்கூடத்துலேருந்து வந்து பைகூட இறக்காம நின்னபடியே படிச்சா. "இது ரோண்டா எழுத்தா?"ன்னா. ஆமான்னேன். "யாரும் எழுதச் சொல்லலையா?" இல்லைன்னேன். அந்த ரெண்டு வரியையும் இன்னொரு தடவை படிச்சா. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கிட்டு என் எதிர்ல உக்காந்தா. "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும், நீ எழுந்து போயிடக்கூடாது"ன்னா.

சொன்னா. எல்லாத்தையும். ரோடியோ பந்தயத்துல குதிரை ஏறற ஒரு பையனைப் பத்தி, கொட்டகையைப் பத்தி, போர்ட்லாண்டைப் பத்தி. அந்த அட்டை தொங்கின ஆணியைப் பார்க்காம இருக்க தான் எந்தப் பக்கம் உக்காந்தேன்னுகூட. நான் முதல் தடவையா கேக்கற மாதிரியே கேட்டேன். வாயைப் பொத்திக்க வேண்டிய இடத்துல பொத்திக்கிட்டேன். அழுதது மட்டும் நடிப்பு இல்லை. நான் எழுந்து போகலை.

அவ கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "ரோண்டா இத்தனை நாள் உன்கிட்ட இதைச் சொல்லவே இல்லையா?"ன்னு கேட்டா.

"வாயே திறக்கலை"ன்னேன்.

"நல்லவதான் அவ"ன்னா உன்னை.

சொன்னதை அப்படியே எழுதியிருக்கேன், வச்சுக்கோ.

வெர்னா